பேரிங் சத்தம் வராத மிஷின்

கோயமுத்தூரில் ஒரு மிஷின் நின்றுபோனால், சொந்தக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். கூப்பிடாமலே யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பார். பம்புசெட்டும் கிரைண்டரும் லேத்தும் வார்ப்பும் சோறு போட்டு வளர்த்த ஊர் இது. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் இங்கேதான் உருவானது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அதன் பின்னால் நின்ற ஜி. டி. நாயுடு, இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டித்தான் தொழில் கற்றார். அந்தப் புண்ணியத்தில், ஒருமுறையாவது பிரித்துப் பார்க்காத பொருளை எங்கள் ஊர்க்காரர்கள் தங்களுடையது என்றே நினைப்பதில்லை.

எங்கள் ஊர் மிஷின் வைத்தியம் முழுவதும் காது, மூக்கு, உள்ளங்கை ஆகிய மூன்றில் அடக்கம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றிப் பிடியைக் காதில் ஒட்டினால் பேரிங்கின் யோக்கியதை தெரிந்துவிடும். வார்னிஷ் கருகிய வாசம் வந்தால் வைண்டிங் காலி. தொட்ட கையை வெடுக்கென்று இழுக்க நேர்ந்தால் ஓவர்லோடு. இந்த மூன்றுக்கும் பிடி கொடுக்காத ஒரு கோளாறு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது.

கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது அவள் தொழில். மாதாமாதம் 20-ஆம் தேதி நெருங்க நெருங்க எங்கள் வீட்டுச் சாப்பாடு சாம்பாரிலிருந்து ரசத்துக்கும், ரசத்திலிருந்து தயிருக்கும் இறங்கிவிடும். இருந்த 8 ஜிபி ராம் போதாமல் மிஷின் திணறியது. காந்திபுரத்தில் ஒரு கடையில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டில் மாட்டிக்கொண்டு வந்தாள். திரையில் 16 என்று காட்டியது. சாம்பார் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் மகன் வந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். "மாமா, ஒருக்கா பாத்துட்டுத் தரேனுங்" என்று உட்கார்ந்து, எதையோ தட்டி, காபி குடித்துவிட்டுப் போனான். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து நீலத்திரை. அதில் வரும் காரணமாவது ஒன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், அதற்கடுத்த நாள் ஒரு பாவமும் அறியாத கிராபிக்ஸ் டிரைவர் என்று ஆளாளுக்குப் பழி விழுந்தது. ராம் தகராறுக்கு இதுவே நல்ல அடையாளம். கெட்டுப்போன இடத்தில் அந்த நேரத்தில் எந்தப் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறதோ, அது விழும். பேரும் அதற்கே கெடும்.

ஊர் திரண்டது. முதலில் வந்தவர் மச்சான், மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். கேபினெட்டை முகர்ந்து பார்த்தார். "கருகல் வாசமே இல்லீங் மாப்ள. கெப்பாசிட்டர் போயிருக்கும். மாத்திப் போட்டா ஓடீரும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. ராம் என்பதே கெப்பாசிட்டர் கூட்டம்தான். ஐபிஎம் கம்பெனியின் ராபர்ட் டெனார்டு 1968-ல் பேட்டன்ட் வாங்கிய ஏற்பாடு இது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். ஏற்றிய மின்சாரம் தானாகக் கசிந்துபோகும் என்பதால் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொன்றையும் திரும்ப நிரப்பியாக வேண்டும். 8 ஜிபி என்றால் அப்படிச் சுமார் 6,870 கோடி. "அதுல எதுங் மச்சான்?" என்று கேட்டேன். எர்த்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்து சர்வீஸ் தம்பி. ராமைக் கழற்றி, பையிலிருந்து பள்ளிக்கூட ரப்பரை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்தான். கைவைத்தியம்தான் என்றாலும் காரணமில்லாமல் இல்லை; படிந்த அழுக்குப் போனால் தொடர்பு சரியாகும். எங்கள் ராமோ பளபளத்ததே தவிர திருந்தவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு லேத்துக்காரர் ஸ்டெபிலைசர் கொண்டுவந்து வைத்தார். எதிர்வீட்டு அக்கா, திரை வடக்குப் பார்க்கக் கூடாது என்று மேஜையையே திருப்பிவிட்டுப் போனார்.

இவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1978-ல் இன்டெல் கம்பெனியே இப்படித்தான் தலையைப் பிய்த்துக்கொண்டது. மெமரி சிப்பில் பிட்டுகள் தாமாகப் புரண்டன. சத்தமும் இல்லை, சூடும் இல்லை. டிம் மே, முர்ரே உட்ஸ் என்ற இருவர் துருவிப் பார்த்ததில், சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையிலேயே கதிரியக்கப் பொருள் துளியளவு கலந்திருந்து, அதிலிருந்து வந்த ஆல்ஃபா துகள்கள் செய்த வேலை என்று தெரிந்தது. அதை எந்த மூக்கு மோப்பம் பிடிக்கும்?

கடைசியில் பெரியப்பா வந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரானவர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கேபினெட்டில் ஊன்றிக் காதை வைத்தார். "ஃபேன் பேரிங் நெம்ப நல்லாருக்குது" என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு, "எதைச் சந்தேகப்படறயோ, அதைக் கழட்டிப்போட்டு ஓட்டிப் பாரு கண்ணு" என்றார்.

இரண்டு ராமையும் கழற்றி சுவிட்சைப் போட்டதும், மதர்போர்டு நீளநீளமாக 'பீப்' என்று கத்தியது. பெரியப்பாவின் முகத்தில் வெளிச்சம். "இப்பத்தாண்டா பேசுது!" உண்மைதான். ராம் இல்லை என்று போர்டு முறையிடுகிறது என்றால் போர்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தோணும். ரண்டை மாத்துனீன்னா எது சரியாச்சுன்னு சாமிக்கும் தெரியாது" என்பது அவருடைய சட்டம். ரப்பர், ஸ்டெபிலைசர், எர்த், வாஸ்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிய வீட்டுக்குத் தேவைப்பட்ட சட்டம். மெம்டெஸ்ட்86 என்று ஒரு சோதனை இருக்கிறது. 1994 முதல் புழக்கத்தில் உள்ளது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழும்பும் முன்பே ஓட விடலாம். ராமின் மூலைமுடுக்கெல்லாம் எழுதி, திரும்பப் படித்து, மாறியிருந்தால் சிவப்பில் காட்டும். பழைய ராமைத் தனியாகப் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டினோம்; பிழை இல்லை. புதியதைத் தனியாக, பிழை இல்லை. ஸ்லாட்டை மாற்றியும் பார்த்தாயிற்று. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் திரை சிவந்தது.

பொதுக்கிணற்றுப் பங்காளிகள் கதைதான். தனித்தனியே பார்த்தால் தங்கமான மனிதர்கள். ஒரே கிணற்றில் இருவரும் மோட்டார் இறக்கினால், தண்ணீர் முறையில் தகராறு. பழைய ராமின் வேகம் 2400, புதியது 3200. சேர்த்துப் போட்டால் போர்டு பொதுவாக இருவருக்கும் ஒத்துவரும் குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்ளும். கடையிலிருந்து வந்தபோது அப்படித்தான் ஒழுங்காக ஓடியது. அப்புறம் யார் வேகத்தைக் கூட்டியது?

அண்ணன் மகனுக்குப் போன் போட்டோம். "ஆமாங் மாமா, பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணுனேன். 3200 வாங்கிப்போட்டு 2400-ல ஓட்டுனா வேஸ்டுங்களே!" எக்ஸ்எம்பி என்பது, இவ்வளவு வேகம் தாங்குவேன் என்று ராம் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் வாக்குமூலம். புதியது எழுதியிருந்த வாக்குமூலத்தில் பழையதையும் கையெழுத்துப் போட வைத்துவிட்டான்.

அதை அணைத்தோம். வேகம் 2400-க்கு இறங்கியது. விடிய விடிய சோதனை, சிவப்பு இல்லை. எர்த்தால்தான் சரியானது என்று மச்சான் இன்றும் சொல்கிறார். லேத்துக்காரர் ஸ்டெபிலைசரைத் திரும்பக் கேட்கவில்லை, அது உழைத்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில். மேஜை கிழக்குப் பார்த்தே நிற்கிறது.

ரிட்டர்ன் 19-ஆம் தேதியே போய்விட்டது. அன்று ராத்திரி மனைவி பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டாள். அண்ணன் மகனுக்குச் சொல்லவில்லை, மச்சானுக்குச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "ஏனுங், உங்களுக்கு எதுக்குங்?" என்றாள்.