அசையாத விலையும் ஆடுகிற விலையும்

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா அருமணல் ஆலையில் வேலை பார்த்தவர். போனஸ் பணத்தை யூனிட் 64-ல் போட்டு 2001-ல் நொந்துபோனார். நான் மியூச்சுவல் ஃபண்ட் என்று வாயெடுத்தாலே வீட்டில் சண்டை. யார் பக்கம் நியாயம்? (மணவாளக்குறிச்சி)

பதில்: அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் எதன் மேல் போக வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1963-ல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவானது. 1964 ஜூலையில் அதன் மியூச்சுவல் ஃபண்ட் திட்டமான யூனிட் 64 வந்தது. ஒரு யூனிட்டின் முகமதிப்பு 10 ரூபாய். அரசாங்கத்தின் பெயர் பின்னால் இருந்ததால் தபால் ஆபீஸ் சேமிப்பு மாதிரியே ஜனங்கள் நம்பினார்கள். உள்ளே பங்குகள் நிறையச் சேர்ந்த பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. காரணம், சந்தை விழுந்தாலும் யூனிட்டின் விலை அதோடு சேர்ந்து விழாது. மாதாமாதம் கொஞ்சம் ஏற்றி அவர்களே அறிவிப்பார்கள். உள்ளே இருக்கும் சொத்தின் மதிப்புக்கும் அந்த விலைக்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

1998-லேயே ஓட்டை வெளியே தெரிந்துவிட்டது. இதை ஆராய அமைத்த தீபக் பரேக் குழு, விலையை உண்மை மதிப்போடு இணைத்துவிடச் சொன்னது. அது நடப்பதற்குள் 2001 வந்தது. அந்த ஏப்ரல், மே மாதங்களில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போனது. எடுத்ததில் பெரும்பங்கு கம்பெனிகள். ஜூலை 2-ம் தேதி, யூனிட் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. மே மாதத்தில் 14 ரூபாய்க்கு மேல் திருப்பி வாங்கிய யூனிட்டின் உண்மை மதிப்பு, அடுத்த ஜனவரியில் முதன்முறையாக வெளியானபோது 6 ரூபாய்க்கும் கீழே! பிறகு அரசாங்கம் தலையிட்டு, 5,000 யூனிட் வரை வைத்திருந்தவர்களுக்கு 2003 மே மாதத்தில் 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தது. அது மக்களின் வரிப்பணம்.

ஆகவே அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். விலை ஆடியதால் அவர் ஏமாறவில்லை. ஆட வேண்டிய விலையை அசையாமல் பிடித்துவைத்துக் காட்டினார்கள். கீழே போனதை முதலில் தெரிந்துகொண்டவன் முழு விலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் வாங்கிய கூடுதல் பணம் கடைசிவரை காத்திருந்த உங்க அப்பாவைப் போன்றவர்களுடையது.

கேள்வி: அப்படியானால் இன்றைக்கு விலையை யார் வைக்கிறார்கள்?

பதில்: யாரும் வைக்க முடியாது, அதுதான் பெரிய மாற்றம். திட்டத்தின் கையில் இருக்கும் பங்குகள், பத்திரங்கள், ரொக்கம் எல்லாவற்றையும் அன்றைய மதிப்பில் கூட்டி, செலவைக் கழித்து, மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் வருவது என்ஏவி. ஒவ்வொரு வேலை நாளும் வெளியாகிறது. பங்குத் திட்டத்தில் மதியம் 3 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் போய்ச் சேர்ந்தால் அன்றைய என்ஏவி, தாண்டினால் அடுத்த வேலை நாளுடையது. விண்ணப்பம் முந்திப் பணம் பிந்தினால் பணம் சேர்ந்த நேரம்தான் கணக்கு.

கேள்வி: புதுத் திட்டம் ஒன்று 10 ரூபாய்க்கு வருகிறது. பழைய திட்டத்தின் யூனிட் 200 ரூபாய். மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் போடலாமே? (திங்கள்சந்தை)

பதில்: ஒரே நெய்மீனைப் பத்துத் துண்டு போட்டாலும் நூறு துண்டு போட்டாலும் எடை மாறாது. 20,000 ரூபாய்க்கு அங்கே 2,000 யூனிட், இங்கே 100 யூனிட். இரண்டும் 10 சதவீதம் ஏறினால் இரண்டும் 22,000 ரூபாய். பழையதற்குப் பல வருடக் கணக்கு இருக்கிறது, பார்த்து முடிவெடுக்கலாம். புதியதற்கு விளம்பரம் மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: எங்க ஊர் ஏஜென்ட் ஒரு பைசா கட்டணம் வாங்குவதில்லை. நல்ல மனிதர். (கல்லுக்கூட்டம்)

பதில்: நல்ல மனிதராகவே இருக்கட்டும். கட்டணம் இருக்கிறது, ரசீது மட்டும்தான் வராது. 2009 ஆகஸ்டிலிருந்து நுழைவுக் கட்டணத்தை, ஃபண்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி ஒழித்துவிட்டது. ஆனால் நிர்வாகச் செலவும், ரெகுலர் திட்டமானால் ஏஜென்ட் கமிஷனும், தினம் தினம் என்ஏவியிலேயே கழிந்துவிடும். 2013 ஜனவரியிலிருந்து கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டமும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய், 20 வருடம், செலவுக்கு முன் 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். செலவு 1 சதவீதமானால் கடைசியில் சுமார் 8.06 லட்சம். 2 சதவீதமானால் சுமார் 6.73 லட்சம். அந்த 1.33 லட்சத்துக்கு ஈடாக அவர் ஆலோசனை சொல்கிறாரா, சந்தை விழுந்த நாளில் போனை எடுக்கிறாரா? ஆமென்றால் தாராளமாகக் கொடுங்கள், உழைப்புக்குக் கூலி உண்டு. ஒருமுறை கையெழுத்து வாங்கியதோடு சரி என்றால் டைரக்டுக்கு மாறுங்கள். மாறும்போது விலகல் கட்டணமும் வரியும் வருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசைப்படகில் போகிறவன் நான். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசிருக்காது. மாதாமாதம் தவணையாகப் போடும் எஸ்ஐபி எனக்கு ஒத்துவருமா? (கடியப்பட்டணம்)

பதில்: வரும், தம்பி. நல்ல பாடு கிடைத்த மாதத்தை வைத்துத் தொகை முடிவு செய்யாதீர்கள், மந்தமான மாதத்தில் எவ்வளவு முடியுமோ அதை வையுங்கள். தடைக்காலத்துக்கு முன்பே நிறுத்திவைக்கும் வசதியைப் பல ஃபண்ட் நிறுவனங்கள் தருகின்றன. சொல்லாமல் விட்டால் பாங்க் அபராதம் பிடிக்கும், மாதத் தவணை தொடர்ந்து மூன்று தவறினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும்.

மாதம் 1,000 ரூபாய் போடுகிறீர்கள். என்ஏவி நான்கு மாதம் 50, 40, 25, 40 என்று ஆடுகிறது. கிடைப்பது 20, 25, 40, 25, ஆக 110 யூனிட். உங்கள் அடக்க விலை சுமார் 36 ரூபாய் 36 காசு. நான்கு மாத என்ஏவியின் சராசரியோ 38.75. விலை விழுந்த மாதத்தில்தான் யூனிட் அதிகம் சேர்ந்திருக்கிறது. ஆனால் இது நஷ்டமே வராது என்ற உத்தரவாதம் இல்லை. எடுக்கிற நாளில் என்ஏவி 30 ரூபாயாக இருந்தால் நஷ்டம்தான். பங்குத் திட்டத்தில் போடும் பணம் ஏழு வருடமாவது தேவைப்படாத பணமாக இருக்கட்டும். இன்ஜின் ரிப்பேர் பணத்தையும் வலைப் பணத்தையும் அதில் போட வேண்டாம்.

கேள்வி: பங்கு வேண்டாம், கடன் பத்திரத் திட்டம் என்றால் ஆபத்தே இல்லைதானே?

பதில்: 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. பணம் பிறகு தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஜூனில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், அவசரத்துக்கு அந்தப் பத்திரத்தை வாங்க ஆள் உண்டா, இரண்டையும் கேளுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆறு படி கொண்ட ரிஸ்க்கோமீட்டர் உண்டு. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சீட்டுக் கம்பெனி மாதம் இவ்வளவு என்று உறுதியாகத் தருகிறதே?

பதில்: 2017-ல் பாறசாலைக்கு அடுத்த எல்லையோரத்தில் ஒரு சீட்டு நிறுவனம் மூடியபோது, நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டது என்பதை மறந்துவிட்டோமா? அங்கேயும் அசையாத வட்டியைக் காட்டித்தான் பணம் வாங்கினார்கள். பதிவு பெற்ற சீட்டா என்று பதிவாளர் அலுவலகத்திலும், ஃபண்ட் என்றால் செபியின் பட்டியலிலும் பெயரைச் சரிபாருங்கள். இரண்டிலும் இல்லாத இடத்தில், எவ்வளவு வேண்டப்பட்டவர் வந்து கேட்டாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.