எலி, எலி, எலி

1903 பிப்ரவரியில் கம்பியில்லாத் தந்திக்காரர் மார்க்கோனி லண்டன் பத்திரிகை ஒன்றிடம் பெரிய பேச்சாகப் பேசினார். என் கருவிகளைச் சுதி சேர்த்து வைத்துவிட்டேன், அதே சுதியில் இல்லாத எந்தக் கருவியாலும் என் செய்தியை ஒட்டுக்கேட்க முடியாது என்பது அதன் சாரம். வயது 28. 1901 டிசம்பரில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மூன்று புள்ளிகளைக் கேட்டவர். மோர்ஸில் அது ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து. அந்த ஒற்றை எழுத்துக்குப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சுதி சேர்க்கும் முறைக்கு 1900-லேயே காப்புரிமை வாங்கியாகிவிட்டது. எண் 7777. இவ்வளவு ராசியான நம்பர் கையில் இருந்தால் யாருக்குத்தான் வாய் நீளாது?

ஒரே ஒரு சிக்கல். முடியவே முடியாது என்று அவர் சொன்ன காரியத்தை ஒரு மேஜிக்காரர் ஏற்கெனவே செய்து முடித்து, மூன்று மாதத்துக்கு முன்பே அச்சிலும் போட்டுவிட்டார்.

மேஜிக்காரர் பெயர் நெவில் மாஸ்கெலின். குடும்பத் தொழிலே அதுதான். அப்பா ஜான் நெவில் மாஸ்கெலின், லண்டன் பிக்காடில்லியில் ஈஜிப்ஷியன் ஹால் என்ற அரங்கில் ஆளை அந்தரத்தில் மிதக்கவிட்டுக் காசு பார்த்தவர். பிள்ளைக்குக் கம்பியில்லாத் தந்தியில் பித்து. தூரத்தில் நின்றபடி வெடிமருந்தை வெடிக்க வைத்தார். பறக்கிற பலூனுக்குப் பத்து மைலுக்கு அப்பாலிருந்து செய்தி அனுப்பினார். சரி, இதையே பிழைப்பாக்கலாம் என்று இறங்கினால், எந்தப் பக்கம் திரும்பினாலும் மார்க்கோனியின் காப்புரிமை வேலி. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலை வீடு தேடி வந்தது.

அனுப்பியது ஈஸ்டர்ன் டெலிகிராப் கம்பெனி. கடலுக்கடியில் கேபிள் போட்டு வைத்திருந்தவர்கள். கார்ன்வால் கரையில் போர்த்கர்னோ என்ற இடத்தில் அவர்களுடைய கேபிள் கரையேறியது. 1870 முதல் லண்டனும் பம்பாயும் பேசிக்கொள்ள உதவிய தடம் அது. அத்தனை பணத்தையும் கடலடியில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வாலிபன் வந்து “கம்பியே வேண்டாம்” என்றால் வயிறு கலங்காதா? அந்த ஆள் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்று பார்த்துச் சொல்லும்படி மாஸ்கெலினைக் கேட்டார்கள். இன்றைக்கு இதற்குப் ‘பெனட்ரேஷன் டெஸ்ட்’ என்று பெயர் வைத்து, ஒப்பந்தம் போட்டு, ஜிஎஸ்டி சேர்த்து பில் அனுப்புகிறார்கள். என்ன, இன்று சோதிக்கச் சொல்பவர் தன் வீட்டைச் சோதிக்கச் சொல்வார். இவர்கள் பக்கத்து வீட்டைச் சோதிக்கச் சொன்னார்கள்.

போர்த்கர்னோ பக்கத்துக் குன்றில் 50 மீட்டர் உயரக் கம்பம் நட ஏற்பாடாயிற்று. மார்க்கோனியின் போல்டு நிலையமும் அதே கார்ன்வாலில்தான், கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பக்கம்தான். கம்பம் எழும்புவதற்கு முன்பே, சாரக் கட்டையில் 25 அடி உயரத்துக்கு ஒரு கம்பியை ஏற்றிப் பார்த்தார் மாஸ்கெலின். கப்பல்களுக்குப் போகிற செய்தியெல்லாம் வந்து கொட்டியது. பெரிய கம்பம் நின்ற பிறகு அவருக்கு இருந்த கஷ்டம் வேறு: வருகிற சத்தத்தை எப்படிக் குறைப்பது என்பது. அன்றைய கம்பியில்லாத் தந்தி தீப்பொறி பறக்கவிட்டு அலை எழுப்புவது. அம்மன் கோயில் திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி மாதிரி. யாருக்கென்று பார்க்காமல் ஊருக்கே ஊதும்.

கண்டதை 1902 நவம்பர் 7 தேதியிட்ட ‘தி எலெக்ட்ரீஷியன்’ இதழில் எழுதினார். எந்தக் கருவி, எந்த உயரம், எந்தச் செய்தி, எல்லாம் முறையாக. தொழில் தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் அந்தப் பத்திரிகையைக் கையால்கூடத் தொடுவதில்லை. மார்க்கோனி பிப்ரவரியில் எழுந்து “யாராலும் முடியாது” என்று தைரியமாகச் சொல்ல முடிந்ததே அதனால்தான். எண்பது பக்க அறிக்கையைத் தள்ளிவிட்டு “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, சிஸ்டம் ஓடுதுல்ல?” என்று கேட்கிற மேலாளர் வம்சத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அறிக்கையால் ஆகாததை மேடையில் வைத்துக்கொள்ளலாம் என்று மேஜிக்காரருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

1903 ஜூன் 4. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். மேடையில் பேராசிரியர் ஜான் ஆம்புரோஸ் ஃப்ளெமிங்; மார்க்கோனி கம்பெனியின் ஆலோசகரும் அவர்தான். உரையின் முடிவில், சுமார் 300 மைலுக்கு அப்பால் போல்டுவில் இருக்கும் மார்க்கோனியிடமிருந்து செய்தி வரும், கருவி அதைக் காகித நாடாவில் பதியும், சபை கைதட்டும். இதுதான் திட்டம். கருவிக்குப் பக்கத்தில் உதவியாளர் ஆர்தர் பிளாக் நின்றிருந்தார்.

படம் காட்டுகிற பித்தளை விளக்குக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். ஆர்க் விளக்கு முனகுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிளாக்குக்கு மோர்ஸ் தண்ணீர் பட்ட பாடு. காதைக் கொடுத்தார். எலி. மறுபடி எலி. மறுபடியும் எலி. அன்றைய லண்டன் பேச்சில், மேடையைப் பார்த்து “புருடா விடாதே” என்று கத்துவதற்குச் சமம். போதாததற்குப் பக்கத்தில் இருந்த நாடாவிலும் அதே எலி அச்சாகி வெளியே வர ஆரம்பித்தது. எலிக்குப் பின்னால் ஒரு பாட்டு: இத்தாலியிலிருந்து வந்த ஒரு பிள்ளையாண்டான் ஊரை நைசாக ஏய்த்த கதை. பாட்டு முடிந்து ஷேக்ஸ்பியர் வேறு.

ஃப்ளெமிங்? உரையை ஜோராகத் தொடர்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். கம்பியில்லா அத்துமீறல் ஒன்று தலைக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது, மனிதருக்குச் சேதியே தெரியாது. அந்தக் கொடுப்பினை எல்லா அதிகாரிகளுக்கும் வாய்ப்பதில்லை. பலர் காது நன்றாக இருந்தும் சிரமப்பட்டுத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

பிளாக் பதறிப் போய்ச் சபையை நோட்டம் விட்டார். ஒருவர் முகத்திலும் சலனம் இல்லை. டிக் டிக்கை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தாலும் மோர்ஸ் தெரியாது. கடைசியில் ஒரே ஒரு முகத்தில் கண் நின்றது. பால் மணம் மாறாத குழந்தைக்குக்கூட அப்படியொரு அப்பாவி முகம் வாய்க்காது. அது மாஸ்கெலினின் கூட்டாளி. விஷயம் புரிந்துவிட்டது. மார்க்கோனியின் செய்தி வரவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பாக எலிகள் தாமாகவே ஓய்ந்தன. நிஜச் செய்தி வந்தது, சபை கைதட்டியது, எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாஸ்கெலின் கணக்குப்படி அன்று ஆட்டம் தோல்வி. அறிக்கை எழுதினார், படித்தவர்கள் முகம் சுளித்ததோடு சரி. மேடையில் காட்டினார், பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. ஃப்ளெமிங் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும்.

உதவியாளர் சொல்லி விவரம் தெரிந்ததும் மனிதர் கொதித்தார். ஃபாரடே பேசிய மண்டபத்தில் இப்படியா! ஜூன் 11 தேதியிட்ட ‘தி டைம்ஸ்’ நாளிதழில் ஆத்திரமாக ஒரு கடிதம்: விஞ்ஞான ரவுடித்தனம், ராயல் இன்ஸ்டிடியூஷன் மரபுக்கே இழுக்கு, செய்தவர் யாரென்று தெரிந்தால் வாசகர்கள் துப்புக் கொடுங்கள். தொழில்நுட்ப இதழைத் தொடாத பிரபுக்களும் பிரபுக்களின் மாமியார்களும் காலைத் தேநீரோடு அதைப் படித்தார்கள். சுதி, அலைநீளம், தீப்பொறி ஒன்றும் புரிய வேண்டியதில்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்று பேராசிரியரே கையெழுத்துப் போட்டுச் சொல்கிறார். போதாதா? பாதுகாப்புச் சோதனையின் முடிவைப் பாமரருக்கு விளக்கிய வகையில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எழுத்து அந்தக் கடிதம்தான் என்பேன். எழுதியவர் எதிர்க்கட்சி என்பது வேறு விஷயம்.

மார்க்கோனி தன் பங்குக்கு, என் முறையைச் சந்தேகிக்கிற எவருக்கும் செய்து காட்ட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார்.

ஃப்ளெமிங் கேட்ட துப்பு சில நாளிலேயே அதே டைம்ஸில் வந்தது. எழுதியவர் நெவில் மாஸ்கெலின். ஆமாம், நான்தான் என்றார். யாரும் குறுக்கிட முடியாது என்று பொதுமக்களிடம் சொன்னீர்கள். அது நிஜமா என்று பார்க்கக் குறுக்கிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நினைத்திருந்தால் உங்கள் கடைசிச் செய்தியையும் சேர்த்துக் கெடுத்திருக்கலாம், கெடுக்கவில்லை என்ற ரீதியில் விளக்கினார். வருத்தம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.