சாவி அவரிடம், வண்டி என்னிடம்

கும்பகோணத்தில் மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து. இரண்டு இரவு வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். மூன்றாம் நாள் விடிகாலையில் வந்து இறங்கியபோது பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் தரையில் இருந்தது.

திண்டுக்கல்லுக்கே போய் வாங்கிய பூட்டு அது. அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஏதோ எனக்கே கிடைத்த மாதிரி தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் அதன்மேல் ஒரு கீறல் கிடையாது. வந்தவர் பூட்டைத் தொடவே இல்லை. கதவில் கொண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு ஸ்க்ரூவை நெம்பி எடுத்துவிட்டு, கொண்டியும் பூட்டுமாக வாசற்படி ஓரம் மரியாதையாக வைத்திருந்தார். பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தவன், ஸ்க்ரூவுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூட்டின் சாவி மட்டும் என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு மிஞ்சப்போகும் ஒரே சாவி அதுதான் என்று அப்போது தெரியாது.

போனவை பெரிதில்லை. வெள்ளிக் குங்குமச் சிமிழ், கண்ணாடி உடைந்த பழைய செல்போன், பையனுடைய உண்டியல், அப்புறம் ஹாலில் மாட்டியிருந்த சாவிக்கொத்து. சாவி மாட்டுவதற்கென்றே ஏற்காட்டில் வாங்கிய ஒரு மர ஸ்டாண்டு உண்டு. அதுவும் சாவி வடிவத்திலேயே இருக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் சாவி எங்கே என்று தேடித் திண்டாடக் கூடாது பாருங்கள். அதில்தான் பைக் சாவி தொங்கியது. டூப்ளிகேட்டும் அதே வளையத்தில் தொங்கியது. வண்டி வாங்கிய அன்று கோத்துக்கொடுத்த, சாவி எண் போட்ட சின்னத் தகடும் அதே வளையம்தான். டூப்ளிகேட்டை வேறு இடத்தில் வைக்கச் சொல்லி மனைவி பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறு இடத்தில் வைத்தால் தொலைந்துவிடும் என்பது என் கட்சி.

ஜன்னல் வழியாக நோட்டம் பார்த்து, அலமாரியைக் குடைந்து, சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஜன்னல், அலமாரி, சாவி மூன்றுமே போர்த்துக்கீசியர் நம்மிடம் விட்டுவிட்டுப் போன சொற்கள். அவர்கள் வருமுன் நம்மிடம் இருந்தது திறவுகோல். பெயரைக் கேட்டாலே முழ நீளம் இருக்கும் என்று தோன்றுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரைத் தெருவில் ஒருத்தராவது பார்த்திருப்பார்கள்.

"ஒரு சாவியைக்கூட மிச்சம் வைக்கலையா?" என்றாள் மனைவி.

புத்தக அலமாரியில் 'வாஷிங்டனில் திருமணம்' வைத்த இடத்திலேயே இருந்தது. "சாவி எழுதினது இருக்கு" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம்தான் வண்டி நினைவு வந்து வெளியே ஓடினேன். வண்டி இருந்தது. ஆனால் நிறுத்திய இடத்திலிருந்து நாலடி தள்ளி, கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. சைடு லாக் போட்டுவிட்டுப் போன ஹேண்டில் இப்போது இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது.

மாடி வீட்டு மாமா இறங்கி வந்தார். எங்கள் பகுதியில் மீனம்பாக்கத்து விமானங்கள் தலைக்கு மேலேயே போகும். அவர் நேரத்தைக் கணக்கிடுவது அவற்றை வைத்துத்தான்.

"முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கிக்கரைப் போட்டு ஒதைக்கற சத்தம். ஒரு பிளேன் போயிடுத்து, அப்பவும் ஒதைச்சிண்டே இருக்கு. இன்னொரு பிளேனும் போயிடுத்து. சரி, நீங்கதான் ஊர்லேர்ந்து வந்துட்டு எங்கேயோ அவசரமா கெளம்பறேள்னு நெனச்சிண்டு புரண்டு படுத்துட்டேன்."

"எட்டிப் பார்த்திருக்கலாமே மாமா?"

"தெனம் காலம்பற கேக்கற சத்தம்தானே!"

என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு சி.சி. கம்பெனிப் பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். சோக்கை முழுதாக இழுத்து, வண்டியை இடது பக்கம் சாய்த்து ஐந்து எண்ண வேண்டும். நிமிர்த்தி, சோக்கைப் பாதி தள்ளி, மூன்று தரம் சும்மா மிதித்துவிட்டு நாலாவதை உதைக்க வேண்டும். அப்போது ஆக்ஸிலேட்டரில் கை படக் கூடாது. பட்டால் பெட்ரோல் அடைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாது. அவசரத்தில் இருப்பவர் ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் இருப்பாரா? இரண்டு விமானம் போகிற வரைக்கும் உதைத்துப் பார்த்துவிட்டு, வந்த கோபத்தில் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

வண்டி பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே ஒரு ரோஷம். அத்தனை பாடுபட்டு வந்தவருக்கு, சாவியைக் கையில் கொடுத்தும் நம் வண்டி வேண்டாமாம்.

வேண்டாம் என்று ஒரேயடியாகவும் சொல்லிவிடவில்லை. நிதானமாக, கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு திரும்ப வரலாம். சாவிகள் அவரிடம், வண்டி என்னிடம். அதாவது அன்றிலிருந்து அது கூட்டு வண்டி. கூட்டாளியை 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் 'அவர்'.

அன்றிரவு சக்கரத்துக்குள் சங்கிலியை விட்டு ஜன்னல் கம்பியோடு சேர்த்து, திண்டுக்கல் பூட்டால் பூட்டினேன். கதவை இழந்த பூட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. பிளக் கேப்பையும் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். நள்ளிரவில் எங்கேயோ பூனை குதித்தது. எழுந்து போய் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். மூத்த பையன் குழந்தையாக இருந்தபோதுகூட இத்தனை தரம் எழுந்ததில்லை என்று இருட்டிலிருந்து ஒரு குரல் சொன்னது.

காவல் நிலையத்தில் ஏட்டய்யா அன்பாகத்தான் பேசினார். "வீடு புகுந்து திருட்டு, முந்நூத்தி எம்பது" என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, "முந்நூத்தி அஞ்சு" என்று திருத்தினார். 1860-லிருந்து இருந்த சட்டம் 2024 ஜூலையில் மாறியது. திருடுகிறவருக்கு ஒரு சிரமமும் இல்லை. எழுதுகிறவருக்குத்தான் எல்லா எண்ணும் புதிது. ஒவ்வொரு பொருளாக மதிப்பு கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், சாவியில் நின்றார்.

"சாவிக்கு என்ன மதிப்பு போட?"

நியாயமான கேள்வி. இரும்பாகப் பார்த்தால் அஞ்சு ரூபாய். வண்டியாகப் பார்த்தால் பதினெட்டாயிரம். தூக்கமாகப் பார்த்தால் கணக்கே இல்லை. அவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"மோப்ப நாய் வருமாங்க?" என்றேன். சின்ன வயதிலிருந்து பேப்பரில் படித்து வரும் செய்தி: மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. ஒரு தடவையாவது அது எங்கள் வீட்டிலிருந்து ஓடட்டுமே என்று ஆசை. குங்குமச் சிமிழுக்கு நாய் வராது என்பதை ஏட்டய்யா மனம் புண்படாமல் விளக்கினார். கையில் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. விரித்துச் சொன்னால் கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். என் வீட்டில் நடந்ததை சமூக சேவைக் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

ஷோரூமில் ஆர்.சி. புக், ஆதார், சி.எஸ்.ஆர். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சாவி நம்பர் டேக் இருக்கா சார்?" என்றாள். சாவியோடு போய்விட்டது என்றேன். "அதைத் தனியா வைக்கணும் சார்." இதைச் சொல்ல எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. சரி, லாக் செட்டையே மாற்றிவிடலாம், பத்து நாள் ஆகும், வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். சாவியில்லாத வண்டியை எப்படி எடுத்துக்கொண்டு வருவது? சிரித்தாள். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

ஆபீசில் ஒருவர் கூடுதலாக ஒரு பீதியைக் கிளப்பினார். வண்டி திருட்டுப் போய் இன்சூரன்ஸ் கேட்டால், கம்பெனியில் முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தானாம். "ரெண்டும் வண்டியை எடுத்தவர்கிட்டயே இருக்குன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?" என்று சிரித்தார். அன்று மதியமே லீவு போட்டேன்.

எம்.கே.என். ரோட்டில், கறுப்புக் குடைக்குக் கீழே ஒரு சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். ஒரு மரப்பெட்டி, சின்ன வைஸ், நாலைந்து அரம், கம்பியில் கொத்துக் கொத்தாகப் பல் வெட்டாத பிளாங்க் சாவிகள். என் கதையைக் கேட்பதற்கு முன் ஆர்.சி. புக்கைக் கேட்டார். முகத்தையும் ஆதாரையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். இத்தனை நாளில் என்னைச் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"தொலைஞ்சு போனா சாவி போடலாம். திருட்டுப் போனா பூட்டைத்தான் சார் மாத்தணும். நான் நூறு சாவி போட்டுத் தந்தாலும் அவன்கிட்ட இருக்கற சாவி வேலை செய்யாதுன்னு ஆயிடுமா?"

அதற்காக அவர் வேண்டாம் என்றும் ஆகிவிடவில்லை. லாக் செட் என்றால் இக்னிஷன், பெட்ரோல் டேங்க் மூடி, சைடு பாக்ஸ் மூன்றுக்கும் புதுப் பூட்டு. பழைய டேங்க் மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் அதைத் திறக்க ஒரு சாவி வேண்டும். அதாவது, தூக்கிப்போடப் போகிற பூட்டுக்கு ஒரு புதுச் சாவி. அதற்காக அவரை என் நண்பர் வண்டியில் வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். பூட்டுக்குள்ளே ஸ்பிரிங் வைத்த மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சரியான சாவி போனால்தான் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளையைத் திரும்ப விடும். பிளாங்க் சாவியின் விளிம்பை அரத்தால் ஒரு தரம் மினுக்கினார். உள்ளே விட்டு, அழுத்தித் திருகி, வெளியே எடுத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். மினுக்கிய இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு தழும்பு. எனக்குத் தெரியவில்லை, மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெயில், மறுபடி இரண்டு இழுப்பு. தகடு எங்கே தடுக்கிறது என்று பூட்டே தன் வாயால் சொல்கிறது, அவர் கேட்டுக்கொண்டு செதுக்குகிறார். இருபது நிமிஷத்தில் மூடி 'டக்'கென்று வந்தது. இருநூற்றைம்பது ரூபாய். அந்தச் சாவியின் ஆயுள் அன்று சாயங்காலம் வரைதான்.

நண்பர் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய லாக் செட் மலிவாகக் கிடைக்கும் என்றார். அங்கே போனால் உங்கள் வண்டியையே உங்களுக்கு உதிரியாக விற்றுவிடுவார்கள் என்பது சென்னையில் பழைய ஜோக். வேறு யாருடைய கூட்டாளியிடமோ இன்னொரு சாவி இருக்கும் பூட்டை வாங்கி நான் என்ன செய்ய? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆயிரத்துச் சொச்சத்துக்குப் புதுசாகவே வாங்கினேன். அட்டைப் பெட்டிக்குள் மூன்று பூட்டு, இரண்டு சாவி, ஒரு எண் தகடு. தகட்டை மனைவியிடம் கொடுத்தேன். எங்கே வைத்தாள் என்று கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று இருவருக்கும் ஒரு ஒப்பந்தம்.

தெருமுனை மெக்கானிக் தம்பி ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டினான். இக்னிஷன் ஒயரைச் செருகி, புதுச் சாவியைத் திருப்பி, பச்சை விளக்கைக் காட்டினான். அப்புறம் கிக்கரை உதைத்தான். உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, கார்புரேட்டர்ல அழுக்கு. கழட்டிக் கிளீன் பண்ணி, பிளக்கை மாத்திட்டா ஒரே கிக்ல எடுத்துக்கும். முந்நூறு ரூபாதான் ஆகும்." சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் சோக்கை இழுத்து, இடது பக்கம் சாய்த்து, ஐந்து எண்ணினேன். நாலாவது உதையில் எடுக்கவில்லை. ஏழாவதில் இருமிக்கொண்டு எடுத்தது. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே மாமாவின் தலை தெரிந்தது.

"நீங்கதானே?"

"நான்தான் மாமா."

தலை உள்ளே போயிற்று.