தினம் ஒரு பலாப்பழம்

காஞ்சிபுரம் – உத்திரமேரூர் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அங்கே பிரம்மா நட்ட பலாமரம் ஒன்று இருந்ததாகத் தல புராணம் சொல்கிறது. தினம் ஒரு பழம். ஆடி, மார்கழி என்று பார்க்காத மரம். சேதி ராஜேந்திர சோழன் காதுக்குப் போனதுதான் ஊருக்குப் பிடித்த சனி. தினமும் பழம் சிதம்பரம் போக வேண்டும். உச்சிகாலத்தில் நடராசருக்குப் படைத்து, பிரசாதம் தனக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ஆள் மாற்றி ஆள், முறை வைத்துத் தலைச்சுமை.

மாகறலுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே சிதம்பரம். வானத்தில் கோடு இழுத்தால் சுமார் 150 கி.மீ. ஜெட் விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. தலையில் பலாவோடு போகிறவர் தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று ஒவ்வொன்றாக இறங்கி ஏற வேண்டும். நாளுக்கு 30 கி.மீ. என்றாலும் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். தினம் ஒரு பழம் கிளம்பினால், எந்நேரமும் பத்து மாகறல்காரர்கள் வழியில்தான் இருப்பார்கள். கழனியை யார் பார்ப்பது? பழம்தான் ஐந்து நாள் தாங்குமா?

புராணம் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஊர்ப் பையன் ஒருவன் போட்டுவிட்டான். மரத்தையே கொளுத்தினான்.

மன்னரையும் சும்மா குறை சொல்லக்கூடாது. அவருக்குச் சரக்கு என்றாலே தலைதான். கங்கைக்கரை அரசர்களையே கங்கை நீர் சுமக்க வைத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமைப்படுகிறது. 1025 வாக்கில் 2,000 கி.மீ.க்கு அப்பால் இருந்த கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியவர், பலாப்பழத்துக்கு ஒரு மாட்டுவண்டி அனுப்பவில்லை.

பையனுக்கு நாடுகடத்தல். அதை முடித்துவிட்டு மன்னர் திரும்பும்போது பொன்னிற உடும்பு ஒன்று கண்ணில் பட, அவர் துரத்த, அது புற்றுக்குள் புக, உள்ளே இருந்தவர் சிவபெருமான். உடும்பீசர் என்றும் அவருக்குப் பெயர்.

சரி, இன்றைக்கு விமானத்தில் அனுப்பலாமே? சிதம்பரத்தில் விமான நிலையம் கிடையாது. தெற்கே போக வேண்டிய பழத்தை முதலில் வடகிழக்கே மீனம்பாக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். கையில் எடுத்துப்போக 7 கிலோதான் அனுமதி. பலா அதற்குள் அடங்கினாலும் வாசனை அடங்காது. திருச்சிக்கு ஒரு மணி நேரம் பறந்து இறங்கினால், சிதம்பரம் இன்னும் சுமார் 160 கி.மீ. கிளம்பும்போது இருந்த தூரம் அப்படியே மிச்சம்!

ஒரே ஆறுதல், ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் மன்னரின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் முன்னாலேயே வந்துவிடும். பிரசாதம் கடைசியில் அரண்மனைக்குத்தானே? அங்கேயே இறக்கி வைத்துவிட்டு ஊர் திரும்பலாம். நடராசரிடம் அப்புறம் பேசிக்கொள்வோம்.