வெயிலுக்குக் கதவடைச்ச பேராண்டிக்கு

ஏலே, வந்துட்டியா? திண்ணையில உக்காராத, அங்கன நெழலு. இந்தக் கல்லுல வந்து உக்காரு. மூஞ்சியை ஏம்ல சுளிக்க? வெயிலு கடிச்சுராது.

ஒடம்பெல்லாம் வலிக்கி, மாடிப்படி ஏறுனா தொடை கடுக்குன்னு அம்மைகிட்ட போன்ல அழுதியாம்லா. ரத்தம் எடுத்துப் பாத்ததுல வைட்டமின் டி 11-ன்னு சீட்டு வந்துருக்கு. 20-க்குக் கீழ போனாலே கொறைவுன்னுதான் டாக்டர்மாரு சொல்லுதாவ. போட்டும்டே, எட்டாங்கிளாஸ் கணக்குல நீ வாங்குன மார்க்குக்கு இது மோசமில்ல.

ஆபீசு கண்ணாடிக் கட்டடம், போகவர ஏசி காரு, மூஞ்சிக்குக் களிம்பு. இவ்வளவு காசு குடுத்து வெயில வாசல்லயே நிறுத்திட்டு, பொறவு மருந்துக்கடையில போயி அதைப் பொட்டலமா வாங்குத. யாவாரம் நல்ல யாவாரந்தான். லாபம் யாருக்குன்னு மட்டும் கேக்கப்படாது.

“கண்ணாடி வழியா ஆபீசுக்குள்ளயும் வெயிலு விழுது தாத்தா”ன்னு சட்டம் பேசாத. வெளிச்சம் வரும், சூடு வரும். தோலுல வைட்டமின ஊற வைக்கிற புறஊதாக் கதிரு இருக்கு பாரு, அதைக் கண்ணாடி உள்ள விடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில மருந்து கட்டிக் குடுத்த கம்பவுண்டரு சொல்லுதேன், கேட்டுக்க.

லண்டன்ல எட்வர்டு மெல்லன்பின்னு ஒரு டாக்டரு. நாய்க்குட்டிகள வெயிலு படாம வீட்டுக்குள்ளயே அடைச்சு, ஓட்ஸ் கஞ்சியா ஊத்தி வளத்தாரு. எலும்பு வலுவில்லாம ரிக்கெட்ஸ் வந்துட்டு. மீன் எண்ணெ குடுத்ததும் தேறிச்சு. 1919-ல எழுதி வச்சுட்டாரு. சரி, காலையில நீ என்ன குடிக்க? ஓட்ஸா? எங்க உக்காந்து குடிக்க? நான் ஒண்ணும் சொல்லலப்பா.

அதே வருசம் பெர்லின்ல ஹுல்ட்சின்ஸ்கின்னு இன்னொருத்தரு. ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைக்கு ஒரு கையில மட்டும் பாதரச வெளக்கு வெளிச்சத்தைக் காட்டுனாரு. தேறுனது ரெண்டு கை எலும்பும்! தோலுல ஊறுனதை ரத்தம் ஒடம்பு பூராவும் கொண்டுபோயிச் சேத்துட்டுல்லா. அதனால நீ கோமணத்தோட மொட்டை மாடியில கெடந்து ஊரைப் பயமுறுத்த வேண்டாம். கையும் காலும் வெயிலு பட்டாப் போதும்.

வெள்ளன 6 மணிக்கு வாக்கிங் போறேன்னு பீத்துவியே, அது தொந்திக்கு நல்லது. வைட்டமினுக்குப் பெருசா ஒண்ணும் தேறாது. சாஞ்ச வெயிலுல அந்தக் கதிரு கீழ வந்து சேராது. உன் நெழலு உன்னை விடக் குட்டையா விழுதான்னு பாரு. விழுந்தா அதான் நேரம். நம்ம கறுத்த தோலுக்கு வெள்ளைக்காரனை விடக் கூடுதல் நேரம் வேணும். அதுக்காகக் கத்திரி வெயில்ல நட்டநடு மத்தியானம் நின்னு மயங்கி விழாத. தோலு எரியதுக்கு முன்ன உள்ள வந்துரணும்.

கிராமத்தாளுக்கு இதெல்லாம் வராதுன்னு நாங்களும் மாரைத் தட்டிக்கிட முடியாது. நம்ம தெருவுல விடிஞ்சதுல இருந்து மடியில தட்டை வச்சுக்கிட்டு, வீட்டுக்குள்ள குனிஞ்சே பீடி சுத்துதாளுகளே, அவளுக மேல வெயிலு என்னைக்கு விழுந்துச்சு? ராத்திரி இடுப்பு விட்டுப் போகுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டுத்தான் படுக்கா. அவளுக்கு ரத்தம் எடுத்துப் பாக்க ஆளுமில்ல, துட்டுமில்ல. கெழட்டுத் தோலுலயும் ஊத்து கம்மிதான். அதான் நான் எப்பவும் கல்லுல, நீ திண்ணையில.

சாப்பாட்டுல கெடைக்கது கொஞ்சந்தான். சாளை மீன்ல உண்டு, நாத்தம்னு தட்டைத் தள்ளிருவ. முட்டை மஞ்சக்கருவுல உண்டு, அதைத்தான் நீ தோண்டி நாய்க்குப் போடுத. நாயி நல்லாருக்கு. இப்ப பாலு பாக்கெட்டு, எண்ணெக் கவருல கூட்டல் குறியோட எஃப்ன்னு முத்திரை போட்டு வருது, அதுல வைட்டமின் சேத்துருக்கும். பாத்து வாங்கு.

டாக்டரு 60,000 யூனிட் பொட்டலம் எழுதிக் குடுத்துருக்காருல்லா, அதை விட்டுராத. 11-ல கெடக்கவனுக்கு என் கல்லு மட்டும் பத்தாது. வாரத்துக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதான். இங்க ஒருத்தன், சீக்கிரம் பலம் வரட்டும்னு தினம் ஒண்ணாப் பால்ல கலக்கிக் குடிச்சான். வைட்டமின் சி கூடுனா மூத்திரத்துல போயிரும். இது கொழுப்புல தங்குத சாதி. ரத்தத்துல கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகத்துல கல்லுன்னு படுத்துட்டான். பலம் ஆஸ்பத்திரிக்காரனுக்குத்தான் வந்துச்சு.

நாளைக்குப் பத்தரை மணிக்குக் குளத்தங்கரைப் பக்கம் ஆட்டைப் பத்திக்கிட்டுப் போகணும். நீயும் வா. லேப்டாப்பைத் தாராளமாத் தூக்கிட்டு வா. வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, அதுக்குத்தான் கூப்பிடுதேன்.