பூர்வோத்தரம் விசாரிப்பவர்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் கண்ணாடி மாளிகைகள் எழும்பிய நாள் முதலாக, அவற்றின் ஏதோ ஒரு மாடியில், மனிதவளப் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில், பார்வைக்குப் பரம சாதுவாகவும் பேச்சில் மிக மிருதுவாகவும் உள்ள ஒரு மகானுபாவர் வாசம் செய்து வருகிறார். உத்தியோகம் கேட்டு வருகிறவர்களை உட்காரச் சொல்லி, காபியா டீயா என்று உபசரித்து, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று புன்முறுவலோடு ஆரம்பிப்பவர் அவரே. ஆனால் வருகிற பதிலை அவர் செவிமடுப்பதில்லை. முந்தைய இரவே சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, தம் கைப்பேசியில் அந்த ஆசாமியின் ஜாதகம் முழுவதையும் அலசிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

கம்பெனியின் சார்பில் முறைப்படி நடக்கும் பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷன் என்பது வேறு. அதை ஓர் ஏஜென்சியிடம் விட்டுவிடுவார்கள். பட்டம் மெய்தானா, முந்தைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் அசல்தானா, கொடுத்த விலாசத்தில் ஆள் குடியிருக்கிறாரா என்பதையெல்லாம் அவர்கள் விண்ணப்பதாரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்த்துச் சொல்வார்கள். இந்த வறட்டு விசாரணையில் நம்மவருக்கு ருசி கிடையாது. போலிச் சான்றிதழைக் கண்டுபிடிப்பது குமாஸ்தா வேலை, மனிதனைக் கண்டுபிடிப்பதே கலை என்பது அவருடைய சித்தாந்தம். ஒரு காலத்தில் கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர், அதற்குமுன் கண்ணால் கண்டிராத பையனைப் பற்றி, "இவரை நான் மூன்றாண்டுகளாக அறிவேன், நன்னடத்தை உள்ளவர்" என்று எழுதிப் பச்சை மசியில் ஒப்பமிட்டுக் கொடுப்பார். உலகமும் அதை நம்பிக்கொண்டு சுகமாகத்தான் இருந்தது. அந்த அதிகாரி அறியாததைச் சொன்னார். நம்மவரோ கேளாததையெல்லாம் அறிந்துகொள்கிறார்.

அவர் தொழில் செய்யும் நேர்த்தியைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். எஸ். கார்த்திக் என்று ஒரு விண்ணப்பம். முகநூலில் அந்தப் பெயரைத் தட்டினால் கார்த்திக் தல வெறியன், தளபதி கார்த்திக், வெறும் கார்த்திக், அன்புடன் கார்த்திக் என்று பட்டாளமே வந்து நிற்கிறது. தந்தை பெயரை ஒற்றை எழுத்தாக்கி முன்னால் ஒட்டிக்கொள்ளும் நம் நாட்டு வழக்கம், துப்பறிகிறவர்களின் சௌகரியத்தை உத்தேசித்து ஏற்பட்டது அல்லவே! நம்மவர் தயங்குவதில்லை. மூக்குக்கண்ணாடி, அடர்ந்த புருவம், கோயம்புத்தூர்க் கல்லூரி ஆகிய மூன்று லட்சணங்களைக் கொண்டு ஒரு கார்த்திக்கைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கொடைக்கானல் யாத்திரைப் படங்களில் இறங்கிவிடுகிறார். ஒரு படத்தில் ஏழெட்டு இளைஞர்கள், நடுவில் கார்த்திக், கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள் என்ன இருக்கிறது? இரு விரல்களால் படத்தை அகட்டுகிறார்; டம்ளர் பெரிதாகிறது, பிறகு புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது, திரவம் மட்டும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அகட்ட முயலும்போது கட்டைவிரல் சறுக்கி, எட்டு வருஷத்துக்கு முந்திய அந்தப் படத்தின் மேல் ஒரு லைக் விழுந்துவிடுகிறது. பதறி அதை எடுத்துவிடுகிறார். ஆனால் இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு எங்கேயோ ஒரு கார்த்திக்கின் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியிருக்கக்கூடும் அல்லவா? லிங்க்டினில் இந்த அபாயம் இல்லை. அங்கே பக்கத்தைப் பார்வையிட்டவர் இன்னாரென்று உடையவருக்கே தெரிவித்துவிடும் ஏற்பாடு உண்டென்றாலும், முகத்தை மறைத்துக்கொண்டு உலாவும் வசதியையும் அவர்களே செய்து கொடுத்திருப்பதால், நம்மவர் அங்கே எப்போதும் அநாமதேயராகவே சஞ்சரிக்கிறார்.

மறுநாள் நேர்முகத்தில், "வார இறுதியில் என்ன செய்வீர்கள் தம்பி?" என்று வினவுகிறார். "புத்தகம் படிப்பேன் சார்" என்கிறது பிள்ளை. நம்மவருடைய மனக்கண்ணில் டம்ளர் பளபளக்கிறது. பொய்யும் சொல்லுகிறான் என்று குறித்துக்கொள்கிறார். கொடைக்கானலுக்குப் போனது வேறு கார்த்திக் என்பதும், இந்தப் பிள்ளை மெய்யாகவே புத்தகம் படிக்கிறவன் என்பதும் அவருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் எழுதும் வழக்கம் இல்லாததால், பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை.

இதுவரையில் சிரித்துவிடலாம். நேருக்கு நேர் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற கேள்விகளுக்கு அவர் இராக்காலத்தில் விடை தேடிக்கொள்கிற இடத்தில்தான் நமக்குச் சிரிப்பு அடங்குகிறது. குருபூஜைச் சுவரொட்டியின் அருகில் நின்ற படம், மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறம், மாமன் மகன் திருமணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சான வால், எந்தத் தலைவர் காலமானபோது கண்ணீர் அஞ்சலி பகிர்ந்தார் என்ற விவரம் ஆகிய எதையும் அவர் கேட்டதில்லை. கேட்டதாக யாரும் அவர்மேல் பழிசொல்லவும் முடியாது. பெண் விண்ணப்பதாரர் என்றால் நம்மவருடைய கணிதத் திறமையும் வெளிப்படுகிறது. போன மாதம் கல்யாணப் படம் போட்டிருந்தால், அடுத்த வருஷம் வளைகாப்புப் படம் வரும், அதன்பின் சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "கல்ச்சர் ஃபிட் இல்லை" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார். எத்தனை விதமான துவேஷங்களுக்கும் பொருந்துகிற அளவில் தைத்து வைத்த சட்டை அந்தச் சொற்றொடர்!

இத்தனை சிரமப்பட்டு இவர் கண்டுபிடிக்கும் விஷயம் வேலைக்கு உதவுகிறதா என்று சிலர் பார்த்தும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட் என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆளெடுப்பவர்களிடம் கல்லூரி மாணவர்களின் முகநூல் பக்கங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். அம்மாணவர்கள் வேலையில் அமர்ந்தபின் மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்ணோடு அதை ஒத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. பெண்களுக்கும் வெள்ளையருக்கும் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தது என்பதுதான் கண்ட பலன். நம்மவரிடம் இதைச் சொன்னால், "அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்பார். அதே அமெரிக்காவில், விண்ணப்பதாரரிடம் பாஸ்வேர்டையே கேட்டு வாங்கி உள்ளே புகுந்து பார்த்த எஜமானர்களும் இருந்தார்கள் என்றும், மேரிலாண்ட் மாநிலம் 2012இல் முதன்முதலாக அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது என்றும் கேள்விப்பட்டபோது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற்போன துக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

எந்தத் தளத்திலும் கணக்கே இல்லாதவன் பிழைத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அவனிடத்தில்தான் நம்மவருக்குச் சந்தேகம் முற்றுகிறது. ஒன்றுமே அகப்படவில்லை என்றால் எவ்வளவு பெரியதை மறைக்கிறானோ! ஆகையால் சாமர்த்தியசாலிகள் இப்போது அவர் பார்ப்பதற்கென்றே ஒரு பக்கம் சோடித்து வைக்கிறார்கள். அதில் டம்ளர் இராது, தலைவர் இரார், கெட்ட வார்த்தை இராது. திங்கட்கிழமைதோறும் தலைமைப் பண்பைப் பற்றி ஓர் உபதேசமும், ரத்ததான முகாமில் முழங்கையை நீட்டிய படமும் இருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்து, ஆளையும் எடுத்து, ஆறு மாதம் கழித்து அவனுக்கு வேலை தெரியவில்லை என்று அங்கலாய்ப்பவரும் நம்மவரேதான்.

அவருடைய சொந்தப் பக்கமோ, முகநூல் 2020இல் இந்தியர்களுக்கென்று பூட்டு வசதி கொண்டுவந்த அந்த வாரத்திலேயே பூட்டப்பட்டது. வீட்டிலுள்ளோர் அனைவரையும் பூட்டச் சொன்னார். 2025 ஜூன் மாதத்தில், மேற்படிப்புக்கு விசா கேட்கும் மாணவர்கள் தங்கள் சமூக வலைதளப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு அறிவித்த சமயம் அவருடைய மகளுக்கு டெக்ஸாஸில் சீட் கிடைத்திருந்தது. "ஒரு சின்னப் பெண்ணின் அந்தரங்கத்தை எவனோ உட்கார்ந்து பார்ப்பதா? இதென்ன அநியாயம்!" என்று அவர் கூச்சலிட்டதில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றிரவும் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் படுத்து, மறுநாள் வரவேண்டிய நால்வருடைய பக்கங்களைச் சிரத்தையாகப் பார்த்து முடித்தார்.

வேலை தேடும் வாசகர்கள் சட்டத்தை நம்பி இருந்துவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் போட்டுவைத்த சொந்த விவரத்துக்குத் தான் பொருந்தாது என்று 3ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது.