மறுபடி பிரிக்காதீர்கள், பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: என் பழைய புல்லட் 350-க்கு முழு இன்ஜின் வேலை முடிந்து 10 நாள் ஆகிறது. 30 உதைக்கு ஒருமுறைதான் உயிர் வருகிறது. மறுபடி பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கட்டுமா? – சிவாஜிநகர்

பதில்: வேண்டவே வேண்டாம். உதைத்த கையோடு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஸ்லோ ஜெட்டை ஊதுங்கள். கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் தீப்பொறியைச் சோதியுங்கள். பிளக்கை வயரில் மாட்டி, ஹெட்டில் தொடவைத்து உதைக்க வேண்டும். பிளக் துளைக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி நீலமாக, 'சட்'டென்ற சத்தத்தோடு விழுந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பினால் பாயிண்டைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள்.

இரண்டும் சரியா? அப்படியானால் கம்ப்ரஷன். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு உதைத்துப் பாருங்கள். கிக்கர் இறுகினால் ரிங்; புது ரிங் போரோடு பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். இறுகவில்லையென்றால் வால்வு.

என் சந்தேகம் டேப்பட் மேல்தான். வால்வை லேப்பிங் செய்தால் அது சீட்டில் கொஞ்சம் உள்வாங்கும். அந்த அளவுக்கு டேப்பட் இறுகும், வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். இன்ஜின் ஆறியபின், கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி புஷ்ராடைத் தொடுங்கள். விரலால் உருட்டினால் சுற்றணும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. 500 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள்.

கேள்வி: உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது. – அல்சூர்

பதில்: டைமிங் முந்தியிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை உதைக்காதீர்கள். பிறகு முறையாக உதையுங்கள்: சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். மைனஸ் பக்கம் சாய்ந்த ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் இடம்தான் கணக்கு. அங்கே டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை.

கேள்வி: காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு வந்தால் மறுக்கிறது. – பிரேசர் டவுன்

பதில்: சூட்டில் மட்டும் மறுத்தால் முதலில் கண்டன்சரை மாற்றுங்கள்.

கேள்வி: இன்ஜின் வேலைக்குப் பின் வண்டி ஸ்டார்ட் ஆக மறுப்பது பெங்களூரு மேட்டில் இருப்பதால் இருக்குமோ? – காக்ஸ் டவுன்

பதில்: ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, காற்று கொஞ்சம் மெலிதுதான். ஆனால் வேலைக்கு விடும்முன் இதே ஊரில்தானே ஓடியது?

கேள்வி: யெஸ்டி வைத்திருக்கிறேன். இன்ஜின் கட்டியபின் ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஒரே வெள்ளைப் புகை. – டேனரி ரோடு

பதில்: கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே பம்பு மாதிரி கலவையை உள்ளே இழுக்கிறது. கிளட்ச் பக்கத்துச் சீல் விட்டால் கியர் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். உங்கள் புகை அதுதான். உங்களுக்கு மட்டும் பிரிக்க அனுமதி. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடியாயிற்று, ஆகவே பிரிப்பவர் கை பழகியதாக இருக்கட்டும்.

கேள்வி: குஜ்ரி எனும் பழைய சாமான் சந்தையில் பாகங்கள் வாங்கிப் போடலாமா? – சிவாஜிநகர்

பதில்: டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் டூம் தாராளமாக வாங்குங்கள். எத்தனையோ பழைய வண்டிகள் இன்னும் ஓடுவது நம் குஜ்ரியால்தான். பாயிண்ட், கண்டன்சர், ஆயில் சீல், ரிங் நான்கையும் புதிதாகவே போடுங்கள். வேலைக்கு விடும்போதே கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள்.